முதுகில் ஒட்டிய மணல்

குஸ்தி காண்ட்ராக்டர் கோதண்டபாணி ஆள் தேடிக்கொண்டு சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்தது 1963-இல். பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்தின் முனையில் கோதா இருந்தது. சலித்த செம்மண்ணில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து பரப்பிய குழி அது. இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து விடியற்காலையில் அந்த மண்ணில் புரண்டுவிட்டுப் போவான் தணிகாசலம். அகலமான மார்பு, சிரித்தாலும் கோபமாகத் தெரிகிற முகம். கோதண்டபாணிக்கு அந்த முகம்தான் முதலில் பிடித்தது.

அன்றைக்கே ரயிலடிக்குப் போகிற வழியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த இன்னொருவனையும் அவர் பிடித்தார். உயரமானவன். முதுகில் ஒரு மூட்டை இருக்கும்போதே குனிந்து இன்னொன்றைக் கையில் எடுத்தான். பெயர் அந்தோணி. அவனும் முசரவாக்கம்தான் என்று தெரிந்ததும் காண்ட்ராக்டர் மகிழ்ந்துபோனார். "ஒரே ஊரா? அப்ப நல்லா ஒத்துப்போவும்" என்றார்.

ஒரே ஊர்தான். ஆனால் அதுவரை அவர்கள் இரண்டு பேரும் நின்று பேசியதில்லை. தணிகாசலத்தின் அண்ணன் பரசுராமனுக்கு ஏரிக்கரையில் நிலம் இருந்தது. அந்தோணியின் அம்மா கங்கையம்மாள் சேரியிலிருந்து அந்த நிலத்துக்கு நாற்று நட வருவாள். தணிகாசலம் வரப்பில் போனால் அவள் ஒதுங்கி நின்று, "போங்க, சின்ன ஆண்டே" என்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பழக்கம்.

சென்னையில் பெரியமேட்டில் ஒரு மாடியறை கொடுத்தார்கள். தேங்காய்நார் மெத்தை ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் விழப் பழகச் சொன்னார்கள். தணிகாசலத்துக்கு முதலில் எதுவும் புரியவில்லை.

"யார் ஜெயிக்கறது, யார் தோக்கறதுன்றத நான் சொல்லுவேன்பா" என்று விளக்கினார் கோதண்டபாணி. "ஒருத்தனால இன்னொருத்தனுக்கு அடி படாம பாத்துக்கறதுதான் உங்க வேலை. பாக்கறவனுக்கு மட்டும் எலும்பு ஒடையற மாதிரி இருக்கணும்."

அந்தோணிக்கு 'டைகர் அந்தோணி' என்று பெயர் வைத்தார். தணிகாசலத்துக்கு 'காட்டுராஜா'. டைகர் நல்லவன். காட்டுராஜா கண்ணில் மண்ணைப் போடுவான், கடிப்பான், ரெஃப்ரியைத் தள்ளிவிடுவான். கடைசியில் டைகர் அவனைத் தலைக்குமேல் தூக்கி அடித்து, மார்பின்மேல் விழுந்து அமுக்க, ரெஃப்ரி மூன்று எண்ணுவார். வேலூர், சேலம், குண்டூர், மைசூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் இதேதான் முடிவு.

முதல் சில நாட்கள் தணிகாசலம் தன் டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டான். அந்தோணி அதைக் கவனித்தான். ஆனால் தினமும் ஒருவன் வியர்வை இன்னொருவன் வாயில் விழுகிற தொழிலில் தனி டம்ளரை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? எப்போது அது மறைந்தது என்று தணிகாசலத்துக்கே நினைவில்லை. 'நீங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தோணியும் ஒருநாள் விழும்போது, "கைய மடக்குடா, ஒடைஞ்சிடப் போவுது" என்று கத்தினான். அன்றிலிருந்து வா, போதான்.

தோற்பதில் இவ்வளவு வேலை இருக்கிறது என்பதைத் தணிகாசலம் மெல்லத் தெரிந்துகொண்டான். தூக்குகிறவன் கையைக் கொடுத்தால் போதும். எகிற வேண்டியது தூக்கப்படுகிறவன். அந்தோணி எவ்வளவு பெரிய பலசாலி என்று ஜனங்கள் பேசிக்கொண்டதெல்லாம் இவன் எகிறிய எகிறல்தான். குண்டூரில் ஒரு கிழவி அவன்மேல் செருப்பை எறிந்தாள். அறைக்குத் திரும்பியதும் அந்தச் செருப்பை அந்தோணிக்குக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்தான்.

இரண்டு வருஷம் கழித்து அவனுக்குக் கூரத்திலிருந்து பெண் எடுத்தார்கள். காந்தாவிடம் உண்மையை முதல் மாதமே சொல்லிவிட்டான்.

"அப்ப இது கூத்து மாதிரியா?" என்று கேட்டாள்.

"கூத்துதான். ஆனா விழறது நெஜம்."

அவன் முதுகில் இருந்த காயங்களைப் பார்த்துவிட்டு, "அது தெரியுது" என்றாள் அவள்.

1967 கோடையில் கோதண்டபாணி காஞ்சிபுரத்திலேயே ஆட்டம் வைத்தார். ரயிலடிக்குப் பக்கத்து மைதானத்தில் மேடை கட்டி, சுற்றிலும் டியூப் லைட் போட்டார்கள். மாலையில் ஆட்டம். மத்தியானத்திலிருந்தே கூட்டம் வரத் தொடங்கியது. முசரவாக்கத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்து முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பரசுராமன் நேராக ஆட்டக்காரர்கள் இருந்த கூடாரத்துக்குள் வந்தான்.

"தணி, வேற எவன்கிட்ட வேணும்னாலும் நீ தோத்துக்கோ" என்றான். "நம்ம ஊர்க்காரன் கண்ணு முன்னாடி கங்கையம்மா புள்ளகிட்ட தோத்தன்னா, நாளைக்கு நான் எப்படி வயல்ல நின்னு ஆளுங்கள வேலை வாங்கறது?"

"அண்ணா, இது ஆட்டம்ணா."

"ஆட்டமா இருந்தா இன்னா? மல்லாக்க விழப்போறது நீதானே?"

அண்ணன் அதிகம் பேசுகிறவனில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆனால் வெளியே அவன் கோதண்டபாணியிடமும் பேசியிருக்கிறான். காண்ட்ராக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னிக்கு மட்டும் மாத்திக்கலாம்பா. தணிகாசலம் ஜெயிக்கட்டும். கலாட்டா ஆச்சுன்னா மேடையே மிஞ்சாது."

அந்தோணி காலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான். "சரி சார்" என்றான், நிமிராமல்.

மேடைக்கு ஏறும்போது தணிகாசலம் கூட்டத்தைப் பார்த்தான். நாற்காலிகளுக்கு அப்பால், தடுப்புக் கயிற்றுக்கு வெளியே, தரையில் சேரி ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடந்தே வந்தவர்கள். நடுவில் கங்கையம்மாள், கட்டிப் பழகாத புதுப்புடவையில் அசையாமல் இருந்தாள். நாலு வருஷமாக மகன் ஊர் ஊராக ஜெயிக்கிறான் என்று கேள்விப்பட்டவள். முதன்முறையாகக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறாள். அந்த நிமிஷத்தில் தணிகாசலம் முடிவு செய்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

மணி அடித்ததும் வழக்கம்போல் தொடங்கினார்கள். காட்டுராஜா கடித்தான், கூட்டம் கத்தியது. ஆனால் ஊர்க்காரர்கள், "விடாத தணி!" என்று கூச்சலிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தோணி கழுத்துப் பிடியில் வந்து, அவன் காதோரம் கிசுகிசுத்தான்.

"இப்ப தூக்கு. நான் எகிறிக்கறேன்."

"மாட்டேன். நீ தூக்கு."

"இன்னா சொல்ற?"

"நீதான் ஜெயிக்கற."

"பைத்தியமாடா உனக்கு? முன்னாடி உங்கண்ணன் உக்காந்துக்கினு இருக்குது."

பிடியை விடுவித்துக்கொண்டு அந்தோணி தானாகவே மல்லாந்து விழுந்தான். தோள் இரண்டும் தரையில் படும்படி, அமுக்குவதற்குத் தோதாகப் படுத்துக் கிடந்தான். தணிகாசலம் அவன்மேல் பாய்வதுபோல் பாய்ந்து, வேண்டுமென்றே குறி தப்பி, மேடைக் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தான். கூட்டம் எழுந்து நின்றது. திரும்ப ஏறி வந்தவனை அந்தோணி இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டான். தணிகாசலம் உருண்டு அடியில் போனான். அந்தோணி மறுபடி உருண்டு அவனுக்கும் அடியில் போனான். ரெஃப்ரி ஒன்று எண்ணுவதற்குள் மேலே இருந்தவன் கீழே போய்விடுவான். யாரைப் பார்த்து எண்ணுவதென்றே அவருக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு குஸ்தியைக் காஞ்சிபுரம் பார்த்ததே இல்லை என்று ஜனங்கள் பிறகு வெகுநாள் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேரும் தோற்பதற்காகத்தான் அப்படி மல்லுக்கட்டினார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

"எங்கம்மாவ நெனச்சுப் பாருடா" என்றான் அந்தோணி, மூச்சு வாங்க.

"அவங்கள நெனச்சுதான்" என்றான் தணிகாசலம்.

பிறகு அவன் பின்னால் நகர்ந்து, கயிற்றில் முதுகை மோதி, ஓடிவந்து எகிறினான். எத்தனையோ மாலைகளில் அவர்கள் ஆட்டத்தை முடிக்கிற எகிறல் அது. அந்தோணியின் மனசு வேண்டாம் என்றாலும் கைகள் பழக்கத்தில் தாமாகவே உயர்ந்து அவனை ஏந்தின. தணிகாசலம் தலைக்குமேல் போய், மேடை அதிரக் கீழே விழுந்தான். விழும்போதே அந்தோணியின் கையைப் பற்றி இழுத்துத் தன் மார்பின்மேல் போட்டு, நகர முடியாதபடி இறுக்கிக்கொண்டான். பார்க்கிறவர்களுக்கு அந்தோணி அமுக்குவதாகத்தான் தெரிந்தது. ரெஃப்ரி மூன்று எண்ணி முடித்தார்.

தடுப்புக் கயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. நாற்காலிகளில் சத்தமே இல்லை. தணிகாசலம் தலையைத் திருப்பிக் கங்கையம்மாளைப் பார்த்தான். சுற்றிலும் எல்லாரும் எழுந்து குதிக்க, அவள் மட்டும் உட்கார்ந்தபடி முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம்தான் இருந்தது.

கூடாரத்தில் அந்தோணி அவன் எதிரே வந்து நின்றான்.

"யாரைக் கேட்டு இப்படிப் பண்ண?"

"உங்கம்மா பாக்க வந்தாங்களே..."

"எங்கம்மா நாளைக்கு யார் வயலுக்குப் போவும்? உனக்கு மனசு நெறைஞ்சிடுச்சு. அது வயித்துக்கு இன்னா பண்ணும்?"

 ஏதோ பெரிய காரியம் செய்ததாக நினைத்திருந்த தணிகாசலத்துக்கு, விழுந்த இடம் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

அந்தோணி சொன்னது போலவே ஆயிற்று. அந்த நடவுக்குக் கங்கையம்மாளைப் பரசுராமன் கூப்பிடவில்லை. அவன் கூப்பிடாததால் மற்றவர்களும் கூப்பிடவில்லை. தணிகாசலம் ஊருக்குப் போய் அண்ணனிடம் பேசிப் பார்த்தான்.

"அவங்க இன்னா பண்ணாங்க? விழுந்தது நான்."

"நீ எனக்குத் தம்பி. உன்ன நான் இன்னா பண்ண முடியும்?" என்றான் பரசுராமன்.

அதுவரை முசரவாக்கத்து வீட்டிலேயே இருந்த காந்தா பாத்திரங்களைக் கட்டிக்கொண்டாள். யாரும் அவளைக் கட்டச் சொல்லவில்லை. "இங்க இருந்துக்கினு தினமும் அந்தம்மா முகத்தைப் பாக்க என்னால ஆவாது" என்றாள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடிவந்தார்கள். அந்தோணியும் தன் அம்மாவை ஊரிலிருந்து கூட்டிவந்து, மாதா கோயில் பக்கம் ஒரு குடிசை பார்த்து வைத்தான். கங்கையம்மாள் காய்கறி மார்க்கெட் வாசலில் கீரை விற்க உட்கார்ந்தாள். காந்தா தேடிப்போய் அவளிடமே கீரை வாங்கினாள். முதலில் கங்கையம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினாள். "குனிஞ்சு நாத்து நட்டதுக்கு இது எவ்ளோ மேல்மா. ஆனா நானா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

அந்தோணி மட்டும் தணிகாசலத்திடம் பேசவில்லை. ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. மேடையில், "இடது பக்கம்", "இப்ப விழு" என்று காதில் சொல்வான். இறங்கிவிட்டால் வாய் திறக்க மாட்டான். ஒரே அறையில் படுத்து, ஒரே ரயிலில் போய், மூன்று வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஆனால் ஒருமுறைகூட அவன் தணிகாசலத்தைத் தவறாகக் கீழே போட்டதில்லை. பேச்சு இல்லையே தவிர, அந்தக் கைகளில் கோபம் வந்ததே கிடையாது. தணிகாசலம் தாங்கிக்கொண்டது அதனால்தான்.

1971-இல் கோலாரில் ஆட்டம். முந்தின நாள் மழையில் மேடைப் பலகை ஒன்று ஊறிப்போயிருந்தது. எகிறுவதற்குத் தணிகாசலம் ஓடிவந்தபோது கால் அதில் அமிழ்ந்து, முழங்கால் திரும்பிக்கொண்டது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் அந்தோணிக்கே கேட்டது. தணிகாசலம் கத்தினான். வில்லன் நடிக்கிறான் என்று கூட்டம் கைதட்டியது. ரெஃப்ரிகூட எண்ணத் தொடங்கிவிட்டார்.

அந்தோணி அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்து, காட்டுராஜாவைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான். எதிராளிகள் சிநேகிதர்கள் என்று வெளியே தெரியவே கூடாது என்பது கோதண்டபாணியின் கட்டளை. மேடையோரம் நின்று, "இறக்குடா, இறக்குடா!" என்று அவர் பதறினார். அந்தோணி காதில் வாங்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் சுமந்தபடியே நடந்தான். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள்.

கட்டுப்போட்டுப் படுக்க வைத்த பிறகு, பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அந்தோணி சொன்னான். "அன்னிக்கு நீ பண்ணது தப்பு."

"தெரியுது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்தான்."

"சரி. தண்ணி குடிக்கறியா?" என்று கேட்டு, டம்ளரை எடுத்தான்.

அந்த முழங்கால் பிறகு முழுதாகச் சரியாகவில்லை. காட்டுராஜாவின் வேலை அத்தோடு முடிந்தது. பிள்ளையார்பாளையத்திலேயே ஒரு சாயப்பட்டறையில் தணிகாசலம் சேர்ந்தான். கொதிக்கிற சாயத்தில் முக்கியெடுத்த பட்டுநூலைக் கழியில் மாட்டி முறுக்கிப் பிழிவதற்குக் கால் வேண்டாம், மணிக்கட்டு போதும். மணிக்கட்டு அவனிடம் இருந்தது. கொஞ்ச நாளில் முழங்கை வரைக்கும் அரக்கு நிறம் ஏறி, போகவே போகாமல் நின்றுவிட்டது. அவன் இல்லாத ஆட்டம் அந்தோணிக்கு ருசிக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு எகிறத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் கம்பெனியும் கலைந்தது. அந்தோணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாரி டயர் கடை வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டன. கங்கையம்மாள் இப்போது தணிகாசலத்தைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

1975-இல் பரசுராமன் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தான். எட்டு வருஷம் கழித்து முதன்முறையாகத் தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். மகள் மங்கையர்க்கரசிக்குக் கல்யாணம். பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, காந்தா கொடுத்த காப்பியைக் குடித்தான். போகிற சமயத்தில் கேட்டான்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தணி. அன்னிக்கு நெஜமா தோத்தியா, விட்டுக் கொடுத்தியா?"

"விட்டுத்தான்ணா கொடுத்தேன்."

பரசுராமன் முகம் தெளிந்துவிட்டது. "எனக்குத் தெரியும்டா. அவனாவது, உன்னத் தூக்கறதாவது" என்று தோளில் தட்டிவிட்டுச் சந்தோஷமாகப் போனான்.

தணிகாசலம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மையிலிருந்து அண்ணன் எடுத்துக்கொண்டு போனது சரியில்லை என்று அவனுக்குப் பட்டது. சாயங்காலம் டயர் கடைக்குப் போய் அந்தோணியிடம் சொன்னான். அந்தோணி கடப்பாரையால் டயரை நெம்பிக்கொண்டே கேட்டான்.

"அப்ப நெஜமா பிடிச்சிருந்தா யார் ஜெயிச்சிருப்பாங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் அது அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தோணி சைக்கிள் மிதிக்க, தணிகாசலம் பின்னால் உட்கார, பாலாற்றுக்குப் போனார்கள். கோடையாதலால் கண்ணுக்கெட்டிய மட்டும் மணல்தான். தூரத்தில் ஒரு மாட்டுவண்டி மணல் ஏற்றிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றி சைக்கிள்மேல் போட்டார்கள்.

"முழங்கால நான் தொட மாட்டேன்" என்றான் அந்தோணி.

"தொடறதானா தொடு. நெஜம்னா நெஜம்தான்."

"அத மட்டும் கேக்காத" என்றான் அவன்.

பிடித்தார்கள். எல்லாமே வேறாக இருந்தது. பழக்கத்தில் எகிறப் போகிற உடம்பைத் தணிகாசலம் அடக்க வேண்டியிருந்தது. அந்தோணியின் பிடி இவ்வளவு வலிக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. தணிகாசலமும் விடவில்லை. கோதாவில் கற்ற பிடி ஒன்றைப் போட்டு அந்தோணியை ஒருமுறை முட்டிபோட வைத்துவிட்டான். பேச்சே இல்லை, மூச்சுச் சத்தம்தான். கடைசியில் அந்தோணி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, இடுப்பைக் கொடுத்துச் சாய்த்தான். தணிகாசலம் உருளப் பார்த்தான், முடியவில்லை. முதுகு மணலில் அழுந்தியது. தோள் இரண்டும் படிந்தன. எழ முடியாது என்று தெரிந்ததும் கையால் மணலைத் தட்டினான்.

அந்தோணி எழுந்து அவனைத் தூக்கிவிட்டான். ஜெயித்தவன் முகத்தில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. தணிகாசலமும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒருமாதிரியாக இருந்தது. ஊர் ஊராக விழுந்து எழுந்தவனுக்கு, அதுவரை ஒருமுறைகூட உள்ளே இப்படி ஒன்று சுருக்கென்று தைத்ததில்லை.

"ஏன் ஊமையா உக்காந்துக்கினு இருக்குற?" என்று காந்தா கேட்டாள். அவன் முதுகில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது.

"தோத்துட்டேன்."

"அது உனக்குப் புதுசா?"

"புதுசுதான்" என்றான். அவன் சொன்ன விதத்தைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு முதுகில் ஊற்றினாள். அடுத்த நாள் பட்டறையில் நூலை முறுக்கும்போதுகூட அது கொஞ்சம் இருந்தது. பிறகு போய்விட்டது.

கல்யாணத்தில், தாலி கட்டியான பிறகு, பந்தலோரம் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணா, நானும் அந்தோணியும் பாலாத்துல நெஜமாவே பிடிச்சோம். அவன்தான் ஜெயிச்சான்."

"உன் காலு அப்படி இருக்கச்சே..."

"காலு நல்லா இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்னு தெரியாது. ஆனா ஜெயிச்சது அவன். நீ தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்."

பரசுராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டார் சாப்பிட்டார்களா என்று பார்க்கப் போய்விட்டான்.

அறுவடை முடிந்த சமயத்தில் ஒருநாள் பரசுராமனின் டிராக்டர், டிரெய்லர் டயர் வெடித்து, காஞ்சிபுரத்தில் நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு டயர் கடைகளும் இருந்தன. அவன் அந்தோணியின் கடைக்கு வந்தான்.

"உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினான் அந்தோணி. ஆண்டே என்று சொல்லவில்லை. பரசுராமன் உட்கார்ந்தான். அந்தோணி டயரைக் கழற்றுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"பாலாத்துல அவன எப்படிப் பிடிச்ச?"

"மணிக்கட்டுல."

"அவன் மணிக்கட்டு இரும்பாச்சேப்பா."

"இரும்புதான். அதையும் திருப்பற எடம் ஒண்ணு இருக்குது."

பரசுராமன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, வலது கையை நீட்டினான். "எங்க, காட்டு."

அந்தோணி கரிபடிந்த கைகளைப் பழந்துணியில் துடைத்தான். அந்தக் கையை வாங்கி, கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டி, மெதுவாகத் திருப்பினான். பரசுராமன் ஸ்டூலை விட்டு எழுந்து, "ஆ, போதும் போதும்" என்றான்.

"வலிக்குதா?"

"இல்லாமலா?" என்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தான் அவன். "டயர் எப்ப ஆவும்?"

"டியூப் மாத்தணும். ஒரு டீ சாப்பிடுங்க, அதுக்குள்ள ஆயிடும்" என்ற அந்தோணி, எதிர்க்கடைக்காரனைப் பார்த்து இரண்டு டீ என்று கை காட்டினான்.